பந்தர் கைரானில் கயிறு சுற்றிய நாள்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஓட்டுகிறவர்களும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் போவார்கள். தனியாகப் போவது பற்றி நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் மத்தியதரைக் கடல், கரீபியன் தீவுகள் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததுதான். அதில் பாதி மழையில் நனையாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியது. ஓமான் கரை வேறு ரகம். மஸ்கட்டை அடுத்த பந்தர் கைரான் குடாவுக்குத் தனியாகப் போன அன்றைக்கு எனக்கு 400 ரியாலை ஒட்டிச் செலவானது. ஒரு ரியால் 200 ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு ஒரு நங்கூரம், 30 மீட்டர் சங்கிலி, இடது உள்ளங்கையில் தையல், வீட்டில் ஒரு வாரத்துக்குக் குறையாத மௌனம். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

படகு 25 அடி ஃபைபர். வயதான படகு. ஊருக்குத் திரும்பிப் போன ஒருவரிடமிருந்து மூன்று பேர் பங்கு போட்டு வாங்கினோம். உள்ளே சின்ன டீசல் எஞ்சின், வெளியே சுக்கானுக்கு முன்னால் புரொப்பல்லர். எனக்கு லீவு கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் ஞாயிறு எல்லாருக்கும் வேலைநாள். பங்காளிகள் இரண்டு பேராலும் வர முடியவில்லை. கூட்டமில்லாத கடல், ஏப்ரல் கடைசி, இன்னும் கொஞ்ச நாளில் வெயில் எட்டிப் பார்க்கவே விடாது. போய்விட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதற்கு நேர்மாறு: தனியாகப் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை போங்கள். பந்தர் கைரானில் அன்றைக்கு ஸ்பீட்போட்டும் பாட்டும் பார்பிக்யூ புகையுமாக இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கையைத் தூக்கி ஆட்டினால் பார்க்க ஆள் இருக்கும்.

வழி சிக்கலானதல்ல. சிதாப் பக்கத்து மரீனாவிலிருந்து தென்கிழக்கே அல் புஸ்தான், கந்தப், பந்தர் ஜிஸ்ஸா, யிதி தாண்டினால் பந்தர் கைரான். ஒரு வழிக்கு எட்டு, ஒன்பது கடல்மைல். விடிவதற்கு முன் மலை இடுக்குகளிலிருந்து நிலக்காற்று இறங்கும். வறண்ட, லேசான சூட்டோடு, மண் வாசனையோடு வரும். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையே எழும்பாது. பாயை ஏற்றிவிட்டு ஒரு பழைய சைக்கிள் டியூபால் சுக்கான் பிடியைக் கட்டிவிட்டால் படகு தன்பாட்டுக்குப் போகும். நீங்கள் டீ ஊற்றிக் குடிக்கலாம். நான் குடித்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராக மலைமேல் அடிக்கும் கரை இது. மஸ்கட்டை ஒட்டிய மலைகள் கருப்பும் காவியுமாக, ஒரு புல் இல்லாமல் நிற்கும். ஒரு காலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்த பாறை, பூமித்தட்டுகள் மோதியதில் நிலத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிதாகப் பார்க்க முடியாது என்று இதற்காகவே புவியியல்காரர்கள் வருகிறார்கள். பந்தர் ஜிஸ்ஸாவில் நடுவில் ஓட்டை விழுந்த பாறைத் தீவு ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பச்சை ஆமை தலையைத் தூக்கி, மூச்சு விட்டு, என்னைப் பார்த்துவிட்டு மூழ்கியது.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகு தானாகப் போகும் நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். தவறி விழுந்தால் அது நிற்காது, பாயோடு போய்க்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், படகைத் திருப்பிக் கொண்டுவராது. அதனால் இடுப்பு வாரிலிருந்து படகின் நடுவாக்கில் கட்டிய ஒரு நாடாவுக்குக் கொக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தாலும் தண்ணீரைத் தொடாத அளவுக்குக் கொக்கிக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக விட்டால் படகு உங்களைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும், ஏறவும் முடியாது. சிறுநீர் வந்தால் ஓரத்தில் எழுந்து நிற்காதீர்கள், வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஏணி, தண்ணீரில் இருந்தபடியே கையால் இழுத்து இறக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய படகுகளில் மேலிருந்துதான் இறக்க முடியும்.

ஒன்பது மணிவாக்கில் காற்று செத்தது. அதன்பிறகு கொஞ்ச தூரம் எஞ்சினில் போய்க் கைரான் குடாவுக்குள் நுழைந்தேன். அங்கே மலையின் நிறம் மாறிவிடும். வெளிறிய சுண்ணாம்புப் பாறை, நீர்மட்டத்தில் அலை குடைந்து குடைந்து அடியில் உள்வாங்கியிருக்கும். தண்ணீர் பச்சைக் கண்ணாடி. உள்ளே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் அலையாத்தி மரங்கள் நிற்கும் சேற்றுப் பகுதி வரை போகும். பவளத்தின் மேல் நங்கூரம் விழாதபடி, வெளிர்நிற மணல் திட்டாகப் பார்த்துப் போட்டேன். தூத்துக்குடிப் பக்கம் கடலேற்றம் ஒரு மீட்டரைத் தாண்டாது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 2 மீட்டர் வரை ஏறி இறங்கும். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த கடலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கயிறு விட்டால் பற்றாது. ஆழத்தைப்போல ஐந்து மடங்கு விடுங்கள், அதுவும் ஏற்றத்தின்போது இருக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்குமேல் மேல்தளத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பாய்க்கயிறு இழுக்கும் எஃகு வின்ச்சைத் தொட்டால் கை சுடுகிறது. நிழல் என்பது நீங்கள் கொண்டுபோவதுதான், நங்கூரம் போட்ட இடத்துக் கரையில் ஒரு மரம் கிடையாது. பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் கட்டைக்கு மேல் தார்பாய் போட்டுத் துணி கிளிப்பால் இறுக்கிக்கொண்டேன். கேனில் வைத்திருந்த தண்ணீர் பத்து மணிக்கே டீ போடும் சூட்டில் இருந்தது. ஆனால் தரைப் பலகைக்கு அடியில், படகின் வயிற்றில் கிடந்த பாட்டில்கள் குடிக்கும் பதத்தில் இருந்தன. கடல்நீர் படகின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது, காரணம் அவ்வளவுதான். ஆறு லிட்டர் கொண்டுபோயிருந்தேன், போய்வர மட்டும் அது போதும். இப்போது பத்து லிட்டரும், மருந்துக்கடையில் விற்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஆறும் இல்லாமல் கிளம்புவதில்லை.

இரண்டு மணிக்குக் கடற்காற்று நன்றாக ஏறியிருந்தது, வேகம் பதினைந்து நாட் (மணிக்கு 28 கிலோமீட்டர் போல) இருக்கும். கரை சூடாகி மேலெழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து காற்று ஓடி வருகிறது என்று ஆறாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். மார்க்குக்காகப் படித்தபோது தெரியாத விஷயம், மத்தியானத்துக்கு மேல் இந்தக் கரை முழுக்க உங்களைப் பாறையை நோக்கித் தள்ளும் கரையாக மாறிவிடுகிறது என்பது. காலையில் ஏதாவது பழுதானால் காற்று உங்களைக் கடலுக்குக் கொண்டுபோகும், நேரம் கிடைக்கும். அதே பழுது மத்தியானம் வந்தால் மலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மணல் கரையென்றால் தரைதட்டி நிற்கலாம். இங்கே மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நங்கூரம் பிடிக்கும் ஆழம் வரும்போது பாறையும் பக்கத்தில் வந்திருக்கும். படம் எடுக்க அவ்வளவு அழகாக இருப்பதும், பழுதான படகுக்கு ஒதுங்க இடமில்லாமல் இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

குடாவின் வாய் குறுகல், காற்று நேரே உள்ளே வருகிறது, அதனால் எஞ்சினில் வெளியேறினேன். வாயைத் தாண்டும் சமயத்தில் எஞ்சின் ஒருமுறை இருமியது. அடுத்த நொடி கீழே 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. பின்னால் எட்டிப் பார்த்தால் நீலக் கயிறு. விரல் தடிமன் பிளாஸ்டிக் கயிறு, அதன் வாலில் கிழிந்த வலை, வெளுத்துப்போன ஒரு எண்ணெய் கேன். கர்கூர் என்று இங்கே சொல்லும் கம்பிக்கூண்டுப் பொறிகளுக்கும் வலைகளுக்கும் இந்தக் கேன்கள்தான் மிதவை. அறுந்தால் கயிறும் வலையும் கேட்பாரில்லாமல் மிதந்துகொண்டே இருக்கும். இந்தக் கயிறு தண்ணீரில் மூழ்காது, மேல்மட்டத்திலேயே கிடக்கும், சூரியனுக்கு எதிராகப் போகும்போது கண்ணுக்கும் தெரியாது. பாறை எழுபது, எண்பது மீட்டரில் இருந்தது. முன்னால் ஓடி நங்கூரத்தை இறக்கினேன். ஆழம் பதினெட்டு மீட்டர். முப்பது மீட்டர் சங்கிலியும் போய், அதற்குப் பின் கட்டியிருந்த கயிறும் போய்க்கொண்டே இருந்தது. நங்கூரம் இழுபட்டது, வழுக்கியது, பின் எதிலோ மாட்டி வெடுக்கென்று நின்றது. படகின் பின்புறத்துக்கும் பாறைக்கும் இடையில் அதிகம்போனால் முப்பது மீட்டர். குடைந்த பாறைக்கு அடியில் அலை புகுந்து, உள்ளே காற்று அடைபட்டு, 'குபுக்' என்று துப்பும். அந்தச் சத்தத்தோடு மூன்று மணி நேரம் இருந்தேன்.

துணைக்கு ஒருவர் இருந்திருந்தால் ஒருவர் பாயை ஏற்ற, ஒருவர் சுக்கானைப் பிடிக்க, தப்பித்திருக்கலாம். தனி ஆள் நங்கூரத்தை விட்டுவிட்டு, பாயை ஏற்றிவிட்டு, பின்னால் ஓடிவந்து சுக்கானைப் பிடிப்பதற்குள் முப்பது மீட்டர் முடிந்துவிடும். அதனால் இப்போது குடாவை விட்டு வெளியேறும்போது, எஞ்சின் ஓடினாலும், பெரிய பாயை முதலிலேயே ஏற்றிவிடுகிறேன். படபடவென்று அடித்துக்கொண்டு காது கிழியும், அடிக்கட்டும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் கியரை நியூட்ரலில் போட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். தலையில் துண்டைச் சுற்றி இறுகக் கட்டினேன். அலையில் படகின் பின்புறம் ஒரு மீட்டர் எழுந்து விழுகிறது, அடியில் தலையை நீட்டியிருக்கும்போது விழுந்தால் முடிந்தது. உண்மையில் ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் போதும். மூச்சைப் பிடித்து உள்ளே போய்ப் பார்த்தால், புரொப்பல்லருக்கும் அச்சு நுழையும் இடத்துக்கும் நடுவே கயிறு பத்துப் பதினைந்து சுற்று இறுகி, சூட்டில் உருகி, ஒரே கட்டியாக இருந்தது. சமையலறைக் கத்தி அதன்மேல் வழுக்கியது. நாலாவதோ ஐந்தாவதோ தடவை அலை தூக்கியபோது கத்தி போய்விட்டது. பிடிமானத்துக்காகச் சுக்கானைப் பற்றிய கையை அதில் ஒட்டியிருந்த கொட்டலசு, கூரான ஓடுள்ள சின்னக் கடலுயிரி, கிழித்துவிட்டது.  ஏறி வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கியது. பயத்திலா களைப்பிலா தெரியவில்லை. வாய்விட்டுத் திட்டினேன், கயிறு விட்டவனை, வராத பங்காளிகளை, லீவு கொடுத்த மேனேஜரைக்கூட.

ரேடியோவில் 16ஆம் சேனலில் மூன்று முறை 'பான் பான்' சொல்லி அழைத்தேன். உயிர் போகும் நிலை என்றால் 'மேடே', உதவி வேண்டும் ஆனால் இன்னும் மூழ்கவில்லை என்றால் 'பான் பான்'. பதிலாகக் கரகரப்பு மட்டும். இந்த ரேடியோ நேர்கோட்டில் போவது, மலை குறுக்கே இருந்தால் நின்றுவிடும். பாய்மர உச்சியில் இருக்கும் ஆன்டெனாவாவது மேலே எட்டியிருக்கும். அதன் ஒயர் இணைப்பு உப்பில் அரித்துப் பச்சையாகப் பூத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கையில் வைத்திருந்த சின்ன ரேடியோவால் அந்தப் பாறைச் சுவரைத் தாண்ட முடியவில்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை. நான் கிளம்பும்போது மஸ்கட்டின் ருவி பகுதியில் இருக்கும் நண்பனிடம் ஏழு மணிக்குள் அழைப்பேன் என்று சொல்லியிருந்தேன். அவன் ஏழரை வரை பொறுத்துவிட்டு என் மனைவியை அழைத்திருக்கிறான். பிறகு இரண்டு பேருமாக, யாரிடம் சொல்வது, படகின் பெயர் என்ன, என்ன நிறம் என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் தவித்திருக்கிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள்: ஒரு தாளில் படகின் பெயர், பதிவு எண், நிறம், போகும் வழி, திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டிய 9999 என்ற அவசர எண், எல்லாம் எழுதி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாட்ஸாப்பில் படம் பிடித்து அனுப்பினாலும் சரி.

நாலு மணிக்கு மலையின் நிழல் படகின்மேல் விழுந்தது. அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் என்று அப்போது நினைத்தேன். ஐந்தரை இருக்கும், மாலை வலை போட ஒரு ஃபைபர் படகு வெளியே போனது. தார்பாயைக் கழற்றி வீசினேன். வயதான ஓமானி மீனவர், கூட ஒரு பையன். அவர் எனக்கும் பாறைக்கும் நடுவே வரவே இல்லை. காற்று வரும் பக்கம் போய் நின்று, ஒரு கேனில் கயிறு கட்டி மிதக்க விட்டார். காற்றே அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. நானாக இருந்தால் பக்கத்தில் வந்து வீசியிருப்பேன், இரண்டு படகும் மாட்டியிருக்கும். அந்தக் கயிற்றைப் பாய்மரத்தின் அடியில் சுற்றிக் கட்டினேன், மேல்தளத்துக் கொக்கிகள் பழைய படகில் பிய்ந்துகொண்டு வந்துவிடும். நங்கூரத்தை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வெட்டு என்று கையால் காட்டினார். நான் தயங்கினேன். நல்ல நங்கூரம், சங்கிலியோடு 110 ரியால். அவர் அரபியில், "ஹாதா ஹதீத், சதீக்" என்றார். இது இரும்புதான், நண்பா என்று அர்த்தம். பிறகு வெட்டச் சொல்லி அரைகுறை இந்தியில் சத்தமாக, "காட்டோ, காட்டோ!"

எங்கள் படகில் சங்கிலியும் கயிறும் கடைசியில் ஒரு மெல்லிய நாடாக் கயிற்றால்தான் படகோடு கட்டப்பட்டிருந்தது. என்ன இவர் இப்படிக் கட்டியிருக்கிறார், நல்ல இரும்புக் கொக்கி போட வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த மனிதரின் புத்தி புரிந்தது. துருப்பிடித்த கொக்கியாக இருந்தால் கடைசி வரை அவிழ்த்திருக்க முடியாது. காய்கறி வெட்டும் குட்டிக் கத்தியால் இரண்டு இழுப்பில் அறுந்தது. அறுப்பதற்கு முன் முனையில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டேன், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. அடுத்த வாரம் மிதவையும் இல்லை, நங்கூரமும் இல்லை.

குடாவின் உள்வாய்க்காலுக்கு இழுத்துப்போய் அவருடைய நங்கூரம் ஒன்றைப் போட்டு நிறுத்தினார். அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் அசையாமல் இருந்தது. பையன் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு குதித்தான். இருபது நிமிடம். உருகிய கட்டியைத் துண்டு துண்டாக அறுத்து மேலே எறிந்தான். பிறகு பெரியவர் என்னை அவர் படகில் ஏற்றி, போன் எடுக்கும் இடம்வரை கூட்டிப்போனார். மனைவி எடுத்ததும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. "வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். பணம் கொடுத்தபோது பெரியவர் வாங்கவில்லை. பெட்ரோலுக்கு என்று சொல்லிப் பையனிடம் முப்பது ரியால் திணித்தேன். இரவு படகிலேயே படுத்தேன், தூங்கினேன் என்று சொல்ல முடியாது. அச்சு நுழையும் சீலில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மணிக்கு ஒருமுறை எழுந்து இறைக்க வேண்டியிருந்தது. விடியலில் அதே நிலக்காற்று வந்தது, அதில் எஞ்சின் இல்லாமலே வீட்டுக்கு வந்தேன். கடைசி அரை மைலை மரீனா ஆட்கள் இழுத்துக்கொண்டார்கள்.

படகைக் கரையேற்றி, சீலும் பேரிங்கும் மாற்ற 190 ரியால். நங்கூரமும் சங்கிலியும் 110. ஆன்டெனா ஒயர் 35. கையில் தையலுக்கும் ஊசிக்கும் கிளினிக்கில் 25. இன்சூரன்ஸில் கேட்டால் மிதக்கும் கயிறு பாலிசியில் வராது என்றார்கள். அச்சில் மாட்டினால் கயிற்றைத் தானே அறுக்கும் வட்டக்கத்தி ஒன்று விற்கிறது, எங்கள் படகு அளவுக்கு 120 ரியால் சொல்கிறார்கள். பங்காளிகள் யோசிக்கிறார்கள். அதுவரை, ஒன்று 300 ஓமான் பைசா (ஆயிரம் பைசா ஒரு ரியால்) என்று நாலு ஹாக்ஸா பிளேடு வாங்கி, கிரீஸ் தடவி, ஒவ்வொன்றின் முனையிலும் கையில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு கட்டி, ஏணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.